தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் எண்ணெயை வீட்டிலே மாற்றுதல்

தோற்றுவாய்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை எழுதப் புகுந்து, இலக்கணத்தையும் இலக்கியத்தையும் விடுத்து மோட்டார் வண்டியின் எண்ணெயைப் பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அவ்வியப்பு நீங்கும்பொருட்டு முதற்கண் ஒன்று கூறுவோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டுக்கு மோட்டார் வண்டிகள் இறக்குமதியாவது நிறுத்தப்பட்டது. தனியார் பயன்படுத்தும் கார்கள் மீண்டும் வருவதற்கு 2025ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உள்ள வண்டியைக் காப்பாற்றுவதன்றி வேறு வழி பலர்க்கு இருந்ததில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் யாமும் அப்பலருள் ஒருவரேம். எமது வண்டி யப்பானிலிருந்து பழையதாக வந்த, நான்கு வேகநிலைகள் கொண்ட தன்னியக்கக் கியர் வண்டி. அதன் கியர்ப்பெட்டி பழுதாயின் மாற்றுப் பெட்டி வாங்க எம்மாலியலாது என்பதை உணர்ந்த நாளிலேதான் அதன் எண்ணெயைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். கற்றதும், கற்குமுன் பிழைத்ததும் ஈண்டு எழுதப்படுகின்றன.

எண்ணெயின் தொழில்

கையாற் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது உலர்ந்த கிளச்சுத் தட்டு. தன்னியக்க வண்டியிலோ அவ்விடத்தில் முறுக்கம் மாற்றி எனும் உருண்டைக் கலம் ஒன்று உண்டு. அதனுள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே நிற்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அஃது எண்ணெயை வீச, வீசப்பட்ட எண்ணெய் மற்றையதைச் சுழற்றுகின்றது. இடையே நிற்கும் சிறு விசிறி எண்ணெயின் திசையைத் திருத்தி, புறப்படும் வேளையில் முறுக்கத்தைப் பெருக்குகின்றது. இரும்பும் இரும்பும் தொடாமலே எண்ணெயின் வாயிலாக ஆற்றல் செல்லும் இவ்வமைப்பை 1905ஆம் ஆண்டளவிற் கப்பல்களுக்காக ஆக்கியவர் ஹேர்மன் ஃபொட்டிங்கர் எனும் செருமானியப் பொறியியலாளர். பெருந்தொகையாக விற்கப்பட்ட முதலாவது முழுத் தன்னியக்கக் கியர், அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளிற் பொருத்திய ஹைட்ரா-மற்றிக் ஆகும்.

ஆற்றலைக் கடத்துவது எண்ணெயின் முதலாந் தொழில். இரண்டாவது, கியர் மாற்றுவது. பெட்டியினுள் எண்ணெயில் மூழ்கிய மெல்லிய கிளச்சுத் தட்டுகள் பல அடுக்கப்பட்டுள்ளன. எந்த அடுக்கை எண்ணெயின் அமுக்கம் நெருக்குகின்றதோ அதற்குரிய கியர் அமைகின்றது. மூன்றாவது, பற்சில்லுகள் தேயாதவாறு வழுவழுப்பளிப்பது. நான்காவது, வெப்பத்தை அள்ளிச்சென்று றேடியேற்றரோடு சேர்ந்த குளிராக்கியில் விட்டுவருவது.

இந்நான்கனுள் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று மாறானவை. பற்சில்லுக்கு வழுக்க வேண்டும். கிளச்சுத் தட்டுக்குப் பிடிக்க வேண்டும். ஒரே திரவம் இரண்டையும் செய்தல் வேண்டுமாதலின் அதில் உராய்வைச் செப்பஞ்செய்யும் பொருள்கள் அளந்து சேர்க்கப்படுகின்றன. முற்காலத்தில் இதன்பொருட்டு எண்ணெய்த் திமிங்கிலத்தின் நெய்யையே கலந்தனர். அவ்வுயிரினம் அருகியமையால் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது சட்டத்தால் விலக்கப்பட, வேதிப்பொருள்கள் அதன் இடத்தைப் பெற்றன. இச்சேர்க்கைப் பொருள்கள் காலத்தாலும் வெப்பத்தாலும் தேய்கின்றன என்பதே எண்ணெயை மாற்றவேண்டியதன் காரணம்.

எந்த எண்ணெய்?

வண்டிக்கு வண்டி கிளச்சுத் தட்டின் பொருள் வேறு. ஆதலால் எண்ணெயும் வேறு. வண்டியை ஆக்கியோர் விதித்த வகையன்றிப் பிறிதொன்றை ஊற்றலாகாது. அவ்வகையின் பெயர் கைந்நூலில் இருக்கும். யப்பானிய மொழிக் கைந்நூலோடு வந்த வண்டிகளில், டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகோலின் தலையிலே பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. பழைய ரொயோட்டா கொரொல்லா வண்டிகள் பலவற்றுக்கு ரி-4 வகை விதிக்கப்பட்டிருப்பதை இதற்கு உதாரணமாகக் கூறலாம்.

நிறத்தைக் கொண்டு வகையைத் துணிதல் தவறு. இவ்வெண்ணெய்க்குச் செந்நிறம் ஊட்டப்பட்டது, கீழே ஒழுகினால் எஞ்சின் எண்ணெயினின்று பிரித்தறிவதற்காகவே. இன்று பச்சை, மஞ்சள், நீல நிறங்களிலும் கியர் எண்ணெய்கள் விற்கப்படுகின்றன.

இன்னுமோர் எச்சரிக்கை. நம் வீதிகளில் ஓடும் சிறிய யப்பானிய வண்டிகள் பலவற்றில் இருப்பது சீவிரி எனப்படும் வேறொரு பெட்டி. அதனுள் கியர்ப் படிகள் இல்லை. உருக்குப் பட்டியொன்று இரு கப்பிகளுக்கிடையே ஓடி விகிதத்தை மாற்றுகின்றது. அதற்கென ஆக்கிய எண்ணெய் தனி. பெயர் ஒன்றுபோற் காணப்படுகின்றதென்று ஒன்றன் எண்ணெயை மற்றொன்றில் ஊற்றுவோர் பெரும் பொருளை இழப்பர். இக்கட்டுரையிற் கூறும் முறை அளவுகோலும் வடிபுரியும் உடைய படிக்கியர்ப் பெட்டிகளுக்கே உரியது. அளவுகோல் இல்லாது, குறித்த வெப்பநிலையில் எண்ணெய் வழிவதைக் கண்டு அளவு பார்க்கும் பெட்டிகளைத் தக்க கருவியுடைய தொழிலாளரிடம் விடுதலே நன்று.

எப்பொழுது மாற்றுதல்?

ஆக்கியோர் கருத்து இதில் ஒன்றுபட்டதன்று. 60,000 முதல் 1,00,000 கிலோமீற்றர் வரையில் மாற்றுக என்பார் பலர். சிலர் வாழ்நாள் முழுவதும் மாற்றவேண்டா என்பர்; எனினும் அவர்தம் கைந்நூல்களிலும் கடுமையான ஓட்டத்துக்கு வேறு விதி இருப்பதைக் காணலாம். வெப்பம் மிக்க நாடு, நின்று நின்று ஊரும் நகர வீதி, பாரம், மலையேற்றம் என்பன கடுமையான ஓட்டத்தின் இலக்கணங்கள். இவற்றுள் ஒன்றேனும் நமக்குப் பொருந்தாதெனக் கூறவியலுமோ? எண்ணெயின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயருந்தோறும் அதன் ஒட்சியேற்றம் ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுக்கணக்கு.

வெள்ளைத் துணியில் ஒரு துளியை இட்டுப் பார்த்தாலும் சில தெரியவரும். தெளிந்த சிவப்பாயின் நன்று. மண்ணிறமாயின் காலம் வந்துவிட்டது. கருமையும் கருகிய மணமுமாயின் கிளச்சுத் தட்டு எரிந்து தேய்ந்துள்ளது என்க. புதிய எண்ணெய் ஊற்றியதால் கியர்ப்பெட்டி கெட்டது என்னும் கதைகள் எழுவது இத்தகைய வண்டிகளைப் பற்றியே. தேய்ந்த தட்டைப் புதிய எண்ணெய் வளர்க்கமாட்டாது. கியர் வழுக்கத் தொடங்கிய பின் எண்ணெயை மருந்தாக எண்ணுதல் வீண். நோய் வருமுன் காப்பதே இதன் பயன்.

ஆயத்தம்

வேண்டும் பொருள்கள் இவை: உரிய எண்ணெய், வடிபுரிக்குப் புதிய வோஷர், அளவான ஸ்பனர், அகன்ற தட்டம், லீற்றர் குறியிட்ட சாடி, நீண்ட மெல்லிய குழாயுடைய புனல், நூல் உதிராத துணி, கையுறை, ஜக்கு, இரும்புத் தாங்கிகள், சில்லுகளுக்கு அணைகொடுக்கும் கட்டைகள்.

இவற்றுள் தாங்கிகளைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். ஜக்கு தூக்குவதற்கே; தாங்குவதற்கன்று. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ்ப் புகுவோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். நம் முற்றத்து மணலில் ஜக்கின் அடி புதைந்து சரியும். ஆதலின் சமதளமான சீமெந்துத் தரையே வேண்டும். கியர்த்தண்டைப் பி எனும் நிறுத்தநிலையிற் போட்டு, கைப்பிறேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஆக்கியோர் காட்டிய இடங்களில் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை மெல்ல அசைத்துப் பார்த்த பின்னரே கீழே செல்க. தனித்துச் செய்யற்க, அருகே ஒருவர் நிற்றல் நன்று.

மாற்றும் முறை

ஒன்று: வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்குக. சூட்டில் அது இளகி நன்கு வடியும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியாயின் ஆறவிடுக. அவ்வெண்ணெய் கையைச் சுடும்.

இரண்டு: எதையும் கழற்றுமுன் பழைய எண்ணெயின் மட்டத்தை முறைப்படி பார்த்துக் குறித்துக்கொள்க. எண்ணெய் ஊற்றும் வழி திறக்கின்றதா என்பதையும் இப்பொழுதே உறுதிசெய்க. வடித்த பின் ஊற்றும் வழி திறவாவிடின் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மூன்று: தட்டத்தை வைத்து வடிபுரியைக் கழற்றுக. கழற்றுவது எஞ்சின் எண்ணெயின் புரியா, கியர்ப்பெட்டியின் புரியா என இருமுறை நோக்குக. இரண்டும் அண்மையில் இருக்கும் வண்டிகளில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கழற்றியோர் உளர்.

நான்கு: வடிந்து தீர்ந்தபின் அவ்வெண்ணெயைச் சாடியிலிட்டு அளந்து எழுதிவைக்க. இவ்வேலையின் உயிர்நிலை இதுவே. மாணவர் இதனை மறவாதிருப்பாராக.

ஐந்து: அடித்தட்டையும் கழற்றுவதாயின் அதனுள் உள்ள காந்தங்களை நோக்குக. மைபோன்ற நுண்ணிய சாம்பற் படிவு இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் உலோகத் துண்டுகள் காணப்படின் வேலையை நிறுத்தித் தொழிலறிந்தாரை நாடுக. வடிகட்டியை மாற்றி, காந்தங்களைத் துடைத்து அவ்வவ்விடத்தில் வைத்து, புதிய காஸ்கற்றுடன் தட்டைப் பூட்டுக. அதன் சிறு போல்ட்டுகள் எளிதில் முறிவன. ஒரு பக்கத்திலிருந்து இறுக்கிச் செல்லாது, எதிரெதிராகச் சிறிது சிறிதாகக் கைந்நூல் கூறும் முறுக்கத்துக்கு இறுக்குக. தூசும் நூலிழையும் உட்புகாமற் காக்க. உள்ளே இருக்கும் வால்வுகளின் வழிகள் மிக நுண்ணியன.

ஆறு: வடிபுரியைப் புதிய வோஷருடன் பூட்டி, வடித்து அளந்த அளவையே அளவுகோற் குழாயின் வழியாக ஊற்றுக. முன்பு பார்த்த மட்டம் சரியாக இருந்ததாயின் இவ்வளவே போதும்.

ஏழு: வண்டியைத் தரையிலிறக்கி, எஞ்சினை இயக்கி, பிறேக்கை அழுத்தியவாறே கியர்த்தண்டை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்திப் பின் பி நிலைக்குக் கொணர்க. எண்ணெய் எல்லா வழிகளிலும் பரவும். வடிபுரியில் ஒழுக்கு உண்டா எனப் பார்த்துக்கொள்க.

எட்டு: சில கிலோமீற்றர் ஓட்டிச் சூடேறியபின் கைந்நூல் கூறியபடி மட்டம் பார்க்க. ரொயோட்டா முதலிய பல வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பார்த்தல் வேண்டும். ஹொண்டா வண்டிகளிலோ எஞ்சினை நிறுத்தியவுடன், ஓரிரு நிமிடங்களுக்குள் பார்த்தல் வேண்டும். குறைந்தால் எண்ணெயிறைக்கும் பம்பி காற்றை உறிஞ்சும்; அமுக்கம் தளரும். மிகுந்தால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையும் கிளச்சை நெருக்கமாட்டாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த உதாரணம் எமக்குக் கிடைத்ததில்லை.

ஒரு சிறு கணக்கு

வடிபுரியைக் கழற்றினால் முழு எண்ணெயும் வெளிவராது. முறுக்கம் மாற்றியிலும் குளிராக்கியிலும் உள்ள பங்கு உள்ளேயே தங்கும். முழுக் கொள்ளளவு 7½ லீற்றர், ஒருமுறை வடிவது 3 லீற்றர் எனக் கொள்வோம். முதன்முறை மாற்றியபின் உள்ள எண்ணெயில் 100க்கு 40 பங்கு புதியது. 60 பங்கு பழையது. இரண்டும் கலந்தபின் மீண்டும் 3 லீற்றர் வடித்து ஊற்றினால், பழையது 60இன் ஐந்தில் மூன்றாகிய 36 பங்காகக் குறையும். புதியது 64 ஆகும். மூன்றாம் முறை பழையது 21.6 பங்கும், புதியது 78.4 பங்கும் ஆகும். பெருக்கல் விருத்தி கற்கும் மாணவர் இதனை நன்கு அறிவர்.

ஆகவே இடையிடையே சில நாள் ஓட்டி, இரண்டு அல்லது மூன்று முறை மாற்றினாற் பெரும்பகுதி புதியதாகிவிடும். நான்காம் முறை மாற்றினாற் கிடைக்கும் மேலதிகப் புதுமை 9 பங்குக்கும் குறைவு. எண்ணெயின் விலையை நோக்க அது மிகை.

எமது பிழை

இவ்விதிகளையெல்லாம் முன்னரே அறிந்து யாம் தொடங்கினோமல்லோம். முதன்முறை மாற்றியபோது வடித்த எண்ணெயை அளவாது கொள்கலனில் ஊற்றிவிட்டோம். பின்னர் எஞ்சினை நிறுத்தி, அது குளிர்ந்திருந்த வேளையில் அளவுகோலைப் பார்த்து, கோட்டைத் தொடுமளவும் புதிய எண்ணெயை ஊற்றி, வேலை முடிந்ததென மகிழ்ந்தோம். உள்ளூர் வீதியில் ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த வாரம் குடும்பத்துடன் கண்டிக்குப் புறப்பட்டோம். மாத்தளையைக் கடந்து பலகடுவை ஏற்றத்தில் ஏறுகையில் எஞ்சின் இரைந்தது, வண்டி ஏறவில்லை. பின்னே ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. வண்டி பின்னோக்கி நழுவத் தொடங்க, பிறேக்கை மிதித்து ஓரமாக நிறுத்துவதற்குள் எமக்கு வியர்த்துவிட்டது. பின்னிருக்கையிற் பிள்ளைகள் இருந்தனர். கியர்ப்பெட்டி போய்விட்டது என்றே எண்ணினோம்.

கொழும்பில் மோட்டார்த் தொழில் செய்யும் எம் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். இலக்கண வகுப்பிற் பின்வாங்கிலிருந்து, புணர்ச்சி விதிகளை எத்துணை முறை கூறியும் பிழைவிட்டு எம்மிடம் ஏச்சு வாங்கியவர் அவர். யாம் கூறியதை முற்றக் கேட்டு ஒரே வினா வினாவினார்: “சேர், எஞ்சின் ஓடேக்கையோ அளவு பாத்தனீங்கள், நிப்பாட்டிப்போட்டோ?”

அவ்வொரு வினாவில் எம் பிழை முழுவதும் விளங்கிற்று. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் ஒரு பகுதி பம்பியினால் முறுக்கம் மாற்றிக்கும் வழிகளுக்கும் ஏற்றப்பட்டிருக்கும். நிறுத்தி நெடுநேரம் சென்றால் அதிலொரு பங்கு அடித்தட்டுக்கு இறங்கி மட்டத்தை உயர்த்திக் காட்டும். யாம் கண்ட மட்டம் பொய்ம்மட்டம். அவர் சொற்படி எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க, கோலின் நுனி மட்டுமே நனைந்தது. பெட்டியில் மிஞ்சிக் கிடந்த எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி அளவு பார்த்தோம். முக்கால் லீற்றர் அளவு உட்சென்றது. சற்று ஆறவிட்டு ஏறினோம்; வண்டி ஏறிற்று. சிறிது நேரமே வழுக்கியமையாற் கிளச்சு தப்பியது என்று பின்னர் பரிசோதித்த அம்மாணவர் கூறினார். ஊதியம் ஏதும் வாங்க மறுத்துவிட்டார்.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை எங்கே கொட்டுவது? வேலி மூலையிலும் ஒழுங்கையிலும் கொட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. புல் முளையாதிருக்கவும், கறையான் வராதிருக்கவும் ஊற்றுவோரும் உளர். இது பெருந்தவறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. அந்நீர் வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் தங்கியுள்ளது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அக்கல்லின் இயல்பினால் அமைந்தவையே. மேலே படிந்துள்ள மண்ணோ பல இடங்களில் மிகவும் ஆழமற்றது. ஒருவர் வளவிற் கொட்டியது அயலவர் கிணற்றுக்குச் செல்லத் தடையேதும் இல்லை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2015ஆம் ஆண்டில் மக்கள் வீதிக்கிறங்கிப் போராடியதை நாம் மறத்தலாகாது. தம் கிணற்று நீரை விடுத்துப் போத்தலிலும் பவுசரிலும் நீரை எதிர்பார்த்து நின்றோரின் துன்பத்தை நேரிற் கண்டோர் ஒரு துளியையும் நிலத்தில் விடார்.

ஆதலின் பழைய எண்ணெயைப் புதிய எண்ணெய் வந்த கொள்கலனிலேயே ஊற்றி, இறுக மூடி, கழிவெண்ணெய் சேர்க்கும் வண்டி பராமரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க. அதனுடன் பெற்றோலையோ தண்ணீரையோ கலவற்க. எண்ணெய் தோய்ந்த துணிகளையும் தனியே கட்டி வைக்க. தரையிற் சிந்தியதை மரத்தூளிட்டு ஒற்றியெடுக்கவேண்டுமேயன்றி நீரூற்றிக் கழுவலாகாது.

முடிவுரை

இவ்வேலையில் ஆழ்ந்த வித்தை ஒன்றுமில்லை. உரிய எண்ணெயை அறிதல், வடிந்ததை அளத்தல், அளந்ததை ஊற்றுதல், சரியான நிலையில் மட்டம் பார்த்தல், கழிவை நிலத்தில் விடாமை என்னும் ஐந்துமே அதன் சுருக்கம். ஐந்தனுள் இரண்டை விட்டமையால் யாம் மலையேற்றத்திற் குடும்பத்தோடு நின்றோம்.

மாணவர்க்கு ஒரு சொல். வகுப்பிலே பின்வாங்கில் இருப்பவர் எல்லாவற்றிலும் பின்னிற்பவர் அல்லர் என்பதை யாம் காலந்தாழ்த்திக் கற்றோம். புணர்ச்சி விதியிற் பிழைவிட்ட அவர் தம் தொழிலிற் பிழைவிடவில்லை. இலக்கணம் கற்பித்த யாமோ கைந்நூலின் ஒரு வரியைப் படியாமற் பிழைவிட்டோம். படிப்பவர் கையால் உழைக்கவும், கையால் உழைப்பவர் படிக்கவும் பழகுதல் வேண்டும்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்களிற் பலர் பல தொழில்களிற் கைதேர்ந்தவர்கள். அவரவர் தொழிலிலே கற்றதையும், பிழைத்துத் திருந்தியதையும் இத்தகைய மலர்களில் எழுதுவீராயின் எம் மாணவர் பயன்பெறுவர். அவர்தம் ஆசிரியரும் பயன்பெறுவர்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.